சேரிக்கு வராத சக்திமான்

(வீராம்பட்டினத்தில் நடந்த மாணவர் முகாமில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

தோழர்களே,

'வெகுசன ஊடகங்களும் சாதியும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. கிராம்சியில் ஆரம்பித்து ஒன்றரை மணி நேரம் மேற்கோளாகவே பேசிவிடலாம். அப்படிப் பேச நம் இயக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். நான் வங்கியில் கவுண்டரில் உட்கார்ந்து பணம் எண்ணுகிறவன். கவிதையும் எழுதுகிறேன், ஆனால் எண்ணுகிற பழக்கம்தான் விடமாட்டேங்குது. அதனால ஒரே ஒரு தொலைக்காட்சித் தொடரை எடுத்துக்கிறேன். அதைச் சின்னப் பையனா இருந்து பதினொண்ணாம் வகுப்பு வரைக்கும் பார்த்த ஒருத்தனுக்கு எரிச்சல் எப்படிப் படிப்படியா ஏறியதுன்னு கணக்குச் சொல்றேன். தொடரின் பெயர் சக்திமான்.

சிரிக்கிறீங்க. உங்களுக்கு அது செல்போனில் சுற்றும் கேலிப்படம். 'சாரி சக்திமான்' என்று ஒருத்தன் காதைப் பிடித்துக்கொண்டு நிற்பான், அவ்வளவுதான் தெரியும். மூத்த தோழர்கள் முகத்திலும் 'இதுக்கா கூப்பிட்டோம்' என்பது தெரிகிறது. இருக்கட்டும். எங்கம்மா மனுதர்மத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. நானும் வேலைக்குப் போன பிறகுதான் வாசித்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் 12 மணிக்கு எங்க தெருவில் ஒரு பிள்ளை வெளியே இருக்காது. பார்ப்பனியக் கருத்தியல் எந்த வழியாக வீட்டுக்குள் வருகிறது என்று கேட்டால், எங்க வீட்டுக்குள் ஆன்டெனா வழியாக வந்தது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். தூர்தர்ஷனின் தேசிய அலைவரிசையில் 1997 செப்டம்பர் 13 அன்று தொடங்கி 2005 மார்ச் 27 வரை, ஏழரை வருசம் ஓடிய இந்தித் தொடர் இது. தயாரித்து நடித்தவர் முகேஷ் கன்னா. பி.ஆர். சோப்ராவின் மகாபாரதத்தில் பீஷ்மராக வந்தவர். அவருடைய தயாரிப்பு நிறுவனத்தின் பெயரே 'பீஷ்ம் இன்டர்நேஷனல்'. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சபை நடுவே ஒரு பெண்ணின் சேலையை உருவும்போது எல்லா பலமும் இருந்தும் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு பாத்திரம் அது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டுதான் இந்த நாட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றும் வீரன் கிளம்பினான்.

கதை இதுதான். பத்திரிகை ஆபீசில் ஒரு அசட்டுப் போட்டோகிராபர். எத்துப்பல்லும் சோடாபுட்டிக் கண்ணாடியுமாக இருப்பான். ஆபத்து என்றால் கைகளை விரித்துப் பம்பரமாகச் சுழல்வான், செம்பழுப்பு உடையில் மார்பில் தங்கச் சக்கரத்தோடு சக்திமானாகி நிற்பான். சூப்பர்மேனின் கிளார்க் கென்ட்டைத்தான் அப்படியே தூக்கி வைத்திருந்தார்கள். ஆனால் பெயரை மட்டும் தூக்கவில்லை. அந்தப் போட்டோகிராபரின் முழுப் பெயர் பண்டிட் கங்காதர் வித்யாதர் மாயாதர் ஓம்கார்நாத் சாஸ்திரி. கோமாளி வேசம் போட்டால்கூட பண்டிட்டாகத்தான் போடுவேன், சாஸ்திரியாகத்தான் போடுவேன் என்கிற பிடிவாதத்தைப் பாருங்கள். சக்தி எங்கிருந்து வந்தது? சூப்பர்மேன் வேற்றுக் கிரகத்தில் பிறந்தவன். ஸ்பைடர்மேனை ஒரு பூச்சி கடித்தது. யாரை வேண்டுமானாலும் பூச்சி கடிக்கலாம், அதில் ஒரு சனநாயகம் இருக்கிறது. சக்திமானுக்கோ ரிசிகள் தேர்ந்தெடுத்து, யோகம் பயிற்றுவித்து, குண்டலினியை எழுப்பி, வேள்வித் தீக்குள் இறக்கி சக்தி கொடுத்தார்கள். போன பிறவித் தொடர்பும் உண்டு. தகுதி பிறவியிலேயே இருந்தது, குரு அதைக் கண்டுபிடித்தார் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

இதெல்லாம் எட்டு வயதில் எனக்குத் தெரியாது. காரணம் ரொம்ப எளிமையானது. எங்களுக்கு இந்தி தெரியாது.

நான் அரியாங்குப்பம் கொம்யூனைச் சேர்ந்த ஒரு சேரிக்காரன். இந்த வீராம்பட்டினம் கடற்கரையில் விளையாடி வளர்ந்தவன்தான். ஆடி மாசம் செங்கழுநீர் அம்மன் தேருக்கு பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்து கவர்னரே வந்து வடம் பிடிக்கிற ஊர் இது. இப்போது துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வருகிறார்கள். எங்க தெருவில் அப்போது இருந்தது ஒரே ஒரு கறுப்பு வெள்ளை டிவி. கலரில் பார்க்க வேண்டுமென்றால் ஊருக்குள் ஒரு வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கணும். நின்றிருக்கிறேன். அந்த வீட்டில் யாரும் திட்டவில்லை, உள்ளே வா என்றும் சொல்லவில்லை. கறுப்பு வெள்ளைப் பெட்டி முன்னால் நாங்கள் முப்பது பேர் உட்காருவோம். எங்களைவிட நாலைந்து வயது மூத்த அண்ணன் ஒருத்தர் படத்தைப் பார்த்துக்கொண்டே தமிழில் வசனம் சொல்லுவார். அவருக்கும் இந்தி தெரியாது. அதுதான் அதில் விசேசம்.

அந்த அண்ணன் சொன்ன கதையில் சக்திமான் நம்ம தெருப் பையன். பட்டாளத்துக்குப் போனவன், லீவில் வந்திருக்கிறான். கண்ணாடி போட்ட கங்காதர், ஊர்க்காரங்க முன்னாடி அவன் போடுகிற பணிவு வேசம். நிமிர்ந்து நடந்தால் அடிப்பார்கள் என்பதற்காகக் குனிந்து நடக்கிறான். வில்லன் கில்விஷ் வந்து இந்தியில் ஏதோ முழங்குவான். 'போன மாசத்து வட்டி எங்கடா' என்று அண்ணன் மொழிபெயர்ப்பார். முப்பது பேரும் கத்துவோம். டாக்டர் ஜாக்கால் ஆய்வுக்கூடத்தில் நின்று 'பவர்' என்று கூவினால், அவன் கரெண்டு கட் பண்ண வந்த ஆள். எங்க ஆயா பின்னால் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டே, "இவன் நம்ம மதுர வீரன்டா, குதிர இல்லாம வந்துட்டான்" என்று சொல்லும். யாரும் மறுக்கவில்லை. எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது.

தோழர்கள் 'மறுவாசிப்பு', 'எதிர்க்கதையாடல்' என்றெல்லாம் எழுதுகிறீர்கள். அடித்தள மக்கள் ஒரு பிரதியை எப்படித் தமக்கானதாக மாற்றிக்கொள்கிறார்கள் என்று பக்கம் பக்கமாக வந்திருக்கிறது. அதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் அந்த அண்ணன்தான். அவர் இப்போது பெயின்ட் அடிக்கிற வேலை செய்கிறார், ஒரு கட்டுரையும் படித்ததில்லை.

தொடர் நன்றாக இருந்த காலம் என்றால் எனக்கு அந்த ஒன்றரை, இரண்டு வருசம்தான். அதில் பாதி எங்க அண்ணனுடைய திறமை, பாதி தொடருடையதும்தான். ஆரம்பத்தில் அடிவாங்கிய வில்லன்களில் மனுசங்க இருந்தார்கள். ரவுடி இருந்தான், கடத்தல்காரன் இருந்தான், ஊழல் செய்கிறவன் இருந்தான். அடி விழுந்தால் யார் மேல் விழுகிறது என்று தெரிந்தது.

1999இல் எங்க சித்தப்பா பம்பாயிலிருந்து திரும்பி வந்தார். தாராவியில் தோல் வேலை செய்துகொண்டிருந்தவர். நன்றாக இந்தி தெரியும். முதல் ஞாயிற்றுக்கிழமையே பெட்டி முன்னால் உட்கார்ந்து உண்மையான அர்த்தத்தைச் சொல்ல ஆரம்பித்தார். எங்களுக்குப் பிடித்த தொடர் அன்றைக்கே செத்தது. பண்டிட் என்றார், சாஸ்திரி என்றார், குண்டலினி என்றார். "இவன் அய்யமூட்டு ஆளுடா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். ஆயாதான் கடைசி வரைக்கும் நம்பவில்லை.

சித்தப்பா இன்னொன்றும் சொன்னார். அதற்கு முன் ஒரு தகவல். 1997 ஜூலை 11ஆம் தேதி பம்பாய் காட்கோபரில் ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்கு யாரோ செருப்பு மாலை போட்டிருந்தார்கள். காலையில் பார்த்துவிட்டுத் தெருவுக்கு வந்த மக்கள் மீது ரிசர்வ் போலீஸ் சுட்டது. 10 பேர் செத்தார்கள். அதே பம்பாயில், அதே வருசம், இரண்டே மாதம் கழித்துத்தான் சக்திமான் தொடங்கியது. சித்தப்பா அந்தச் சாவு ஊர்வலத்தைப் பார்த்தவர். தொடரில் பட்டணத்தை மேலிருந்து காட்டும்போதெல்லாம், "இந்த ஆளு பறக்கிற பம்பாய்ல நான் இருந்ததில்ல" என்பார்.

அந்த வருச நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டால் எண்ணுகிற கைக்கு வேறு வேலை இல்லை. 1997 ஜூன் 30: மேலவளவு. ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு வந்தவர்களையும் பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். ஜூலை 11: ரமாபாய் நகர். செப்டம்பர் 13: சக்திமான் முதல் வாரம். டிசம்பர் 1 இரவு: பீகாரில் லட்சுமண்பூர் பாதே. ரன்வீர் சேனா 58 பேரைக் கொன்றது, அதில் குழந்தைகளும் பெண்களும் உண்டு. அடுத்த வாரமும் சக்திமான் வழக்கம்போல் பறந்தான். பாதே வழக்கில் 26 பேருக்குத் தண்டனை கிடைக்க 2010 ஆனது. 2013 அக்டோபரில் பாட்னா உயர்நீதிமன்றம் அத்தனை பேரையும் விடுதலை செய்துவிட்டது. தாமிரபரணியில் 1999 ஜூலை 23 அன்று தடியடிக்குத் தப்பி ஆற்றில் விழுந்து 17 பேர் செத்தபோதும் தொடர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

'பிள்ளைகள் பார்க்கிற கதையில் இதையெல்லாம் எப்படிக் காட்டுவது' என்று கேட்பவர்கள் உண்டு. சூப்பர்மேனையே பாருங்கள். 1938இல் அவனை உருவாக்கிய ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் இருவரும் யூதக் குடியேறிகளின் பிள்ளைகள். முதல் வருசக் கதைகளிலேயே அவன் பெண்டாட்டியை அடிக்கிறவனைத் தூக்கி எறிகிறான். பாதுகாப்பில்லாத சுரங்கத்தின் முதலாளியை அதே சுரங்கத்துக்குள் மாட்டிவிட்டு, இப்போது தெரிகிறதா என்று கேட்கிறான். குடிசைப் பகுதியை இடித்துத் தள்ளி, அரசாங்கம் நல்ல வீடு கட்டிக் கொடுத்தே ஆக வேண்டிய நிலையை உண்டாக்குகிறான். 1946இல் அமெரிக்க வானொலியில் குழந்தைகள் கேட்கிற சூப்பர்மேன் தொடரில் கூ கிளக்ஸ் கிளான் மாதிரியான ஒரு வெள்ளை வெறிக் கூட்டத்தோடு 16 நாள் மோதவிட்டார்கள். சாயங்காலம் பால் குடித்துக்கொண்டே பிள்ளைகள் கேட்டார்கள். யாருக்கும் வயிறு வலிக்கவில்லை. அந்த சூப்பர்மேனும் பின்னால் வியாபாரச் சரக்காகிக் கெட்டுப்போனான், அது வேறு கதை. ஆனால் கெடுவதற்கு முன்னால் அவனிடம் ஏதோ இருந்தது. நம்ம சக்திமான் சாதி என்கிற சொல்லை எந்த வாரத்திலாவது வாயால் சொல்வானா என்று காத்திருந்தேன். நான் பார்த்த வாரங்களில் சொல்லவில்லை.

இனி தொடர் எப்படிச் சரிந்தது என்பதற்கு வருகிறேன்.

மனுச வில்லன்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். எல்லாத் தீமைக்கும் காரணம் ஒரே ஆள், கில்விஷ் என்றானது. அவன் யார்? இருட்டின் அரசன். அவன் கோசம் 'அந்தேரா காயம் ரஹே', அதாவது இருட்டு நிலைக்கட்டும். லஞ்சம் வாங்குகிறவனும் இருட்டு, கொலை செய்கிறவனும் இருட்டு. இருட்டு என்று சொல்லிவிட்டால் யார் பெயரையும் சொல்ல வேண்டாம் பாருங்கள், எவ்வளவு வசதி! நிலம் யார் கையில், சுடுகாட்டுப் பாதையை மறிப்பது யார், தேர்தலில் நின்றால் வெட்டுவது யார் என்ற கேள்விகளுக்கெல்லாம் ஒரு குகையும் புகையும் பதிலாகிவிடும். இருட்டுக்கு எதிரி வெளிச்சம், சூரியன், சூரிய வழி வந்த ரிசிகள். சக்திமானை மயக்க வந்த சூனியக்காரி சலாகாவுக்குப் பெயரே கறுப்புப் பூனை. கெட்டது எல்லாம் கறுப்பு. கரி மாதிரி இருக்கிற முப்பது பிள்ளைகள், கறுப்பு வெள்ளைப் பெட்டி முன்னால் உட்கார்ந்து, கறுப்பு அழிய வேண்டும் என்று கைதட்டினோம். 2018இல் ரஞ்சித்தின் 'காலா' வந்தபோது எங்க தெருப் பசங்க ஏன் அப்படிக் குதித்தார்கள் என்று சிலருக்குப் புரியவில்லை. கறுப்புச் சட்டை போட்டவன் நாயகன், வெள்ளைச் சட்டை போட்டவன் வில்லன் என்று ஒருத்தன் திரையில் மாற்றி வைத்ததைப் பார்க்க இருபது வருசமாகக் காத்திருந்த குதிப்பு அது.

கதை நகரவே இல்லை. போன வாரம் நடந்ததை இந்த வாரம் பாதி நேரம் காட்டுவார்கள். அதே சுழற்சி, அதே பறத்தல், அதே வானம். செத்தவன் திரும்ப வருவான். முன்பிறவிக் கதை மாதக்கணக்கில் போகும். 2001 வாக்கில் நாங்கள் பள்ளிக்கூடத்துக் கைக்கடிகாரம் ஒன்றை வைத்து எண்ணிப் பார்த்தோம். தலைப்புப் பாட்டு, முன்கதை, விளம்பரம், கடைசியில் வரும் உபதேசம் எல்லாம் கழித்தால் கதை கால்மணி நேரம்கூடத் தேறவில்லை. இதற்கு ஒரு பொருளாதாரம் இருக்கிறது, வங்கிக்காரனாகச் சொல்கிறேன். அன்றைக்கு இப்படிப்பட்ட தொடர்களைத் தூர்தர்ஷன் சம்பளம் கொடுத்து எடுக்கவில்லை. தயாரிப்பாளர்தான் ஒவ்வொரு வாரத்துக்கும் தூர்தர்ஷனுக்குக் கட்டணம் கட்டணும். பதிலுக்கு விளம்பரத்துக்கென்று சில நிமிசம் தருவார்கள். அதை விற்றுப் போட்ட பணத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். தொடர் பிரபலமாக ஆக, கட்டணத்தைப் பல மடங்கு ஏற்றினார்கள் என்றும், கடைசியில் நிறுத்தியதற்கு அதுவே காரணம் என்றும் முகேஷ் கன்னா பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இருக்கலாம். கட்டணம் ஏறினால் விளம்பரம் வேண்டும், விளம்பரம் வேண்டுமென்றால் கதை இழுக்க வேண்டும். பார்லே ஜி பிஸ்கட்டே சக்திமானோடு சேர்ந்துகொண்டது. சூரியனின் சக்தி எல்லாம் இரண்டு ரூபாய் பாக்கெட்டின் பக்கத்தில் வந்து நின்றது.

கதையாவது போகட்டும். என்னால் கடைசி வரை பொறுத்துக்கொள்ள முடியாதது அந்த உபதேசம். ஒவ்வொரு வாரமும் முடிவில் சக்திமான் வந்து, சின்னச் சின்ன விசயம் ஆனால் முக்கியமானது என்று ஏதாவது சொல்வான். பல் தேய்க்கணும், கை கழுவணும், குப்பையைக் கண்ட இடத்தில் போடக் கூடாது, பெரியவர்கள் பேச்சைக் கேட்கணும். தப்பு செய்த பிள்ளை வெட்கப்பட்டு 'சாரி சக்திமான்' என்று சொல்லும். நல்ல விசயம்தானே என்பீர்கள். அப்போது எங்க தெருவுக்கு இருந்தது ஒரே ஒரு குழாய். காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். எங்கம்மா குடத்தை வரிசையில் போட்டுவிட்டு வேலைக்குப் போகிற அவசரத்தில் நிற்கும். ஊர்க் குப்பை கொட்டுகிற இடம் எங்க தெரு முனை. கொட்டியவர்கள் நாங்கள் இல்லை. அள்ளுகிறவர்கள் எங்க தெரு ஆட்கள். இந்த நிலையில் பெட்டிக்குள்ளிருந்து ஒருத்தன் விரலை நீட்டி, சுத்தமாக இரு என்று எனக்குச் சொல்கிறான். நான் எதுக்குடா சாரி சொல்லணும்? பன்னிரண்டு வயதில் இந்தக் கேள்வி வந்தது. என் அரசியல் எங்கே ஆரம்பித்தது என்று யாராவது கேட்டால், வெண்மணி என்றோ அம்பேத்கர் நூற்றாண்டு என்றோ சொல்லத்தான் ஆசை. உண்மையில் அது அந்தக் குழாயடியில் ஆரம்பித்தது.

பெரியவர்கள் பேச்சைக் கேள் என்பதும் அப்படித்தான். எந்தப் பெரியவர்கள்? எங்க நைனா ஊருக்குள் போனால் பத்து வயதுப் பையன் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவான். அந்த வீட்டுப் பிள்ளைக்கு சக்திமான் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியணும்.

இன்னொரு விசயத்தைச் சிரிக்காமல் சொல்ல வேண்டும். தொடர் புகழின் உச்சியில் இருந்தபோது, சக்திமான் வந்து காப்பாற்றுவான் என்று நம்பிச் சில பிள்ளைகள் தீ வைத்துக்கொண்டதாகவும் மாடியிலிருந்து குதித்ததாகவும் செய்திகள் வந்தன. முகேஷ் கன்னா அவற்றை மறுத்தார். இதெல்லாம் நடிப்பு, செய்து பார்க்காதீர்கள் என்று தொடரிலேயே அறிவிப்பும் வந்தது. பத்திரிகைகளில் பெரிய விவாதம், வன்முறையைக் குழந்தைகளுக்குக் காட்டலாமா என்று. அந்த விவாதத்தை வாசித்தபோது எனக்கு வேறொன்று ஓடியது. 1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள். தீயில் நிற்கிற பிள்ளையை யார் காப்பாற்றுவது என்ற கேள்வி நமக்கு எந்தத் தொடரும் கொடுத்ததில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்தக் கரையில் நின்று அதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இங்கே உட்கார்ந்திருக்கிற பலர் வீட்டில் படகும் வலையும் போயிருக்கும். ஆளும் போயிருக்கலாம். அன்றைக்கு டிவியை நினைக்க யாருக்கும் நேரமில்லை. பிறகு நாகப்பட்டினத்தில் நாள்கணக்கில் கிடந்த சடலங்களை எடுக்க வெளியூர் நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். பெரும்பாலும் நம் மக்கள். கையுறை இல்லாமல் எடுத்தவர்கள் உண்டு. அவர்கள் பறந்து வரவில்லை, லாரியில் வந்தார்கள். நிவாரணம் கொடுக்கும்போது கரையோரச் சேரிகள் பட்டியலில் கடைசிக்குத் தள்ளப்பட்டதையும் மனித உரிமை அமைப்புகள் எழுதி வைத்திருக்கின்றன. மூன்று மாதம் கழித்து, 2005 மார்ச்சில் சக்திமான் நின்றுபோனான். நின்றது எனக்குத் தெரியவே தெரியாது. யாரோ பின்னால் சொன்னார்கள்.

துப்புரவுத் தொழிலாளர் என்றதும் 1988இல் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இங்கே நிறையப் பேருக்குத் தெரியாது. ராமானந்த் சாகரின் ராமாயணம் தூர்தர்ஷனில் ஓடி, பட்டாபிசேகத்தோடு முடிகிற நேரம். வால்மீகியைத் தம் மூதாதையாகக் கொண்டாடும் வால்மீகி சமூகத்தார் வட இந்திய நகரங்களில் துப்புரவு வேலை செய்கிறவர்கள். வால்மீகி வரும் உத்தர காண்டம், லவன் குசன் கதை, இதெல்லாம் இல்லாமல் எப்படி முடிப்பீர்கள் என்று கேட்டு பஞ்சாபின் ஜலந்தர் உள்ளிட்ட ஊர்களில் வேலைநிறுத்தம் செய்தார்கள். தெருவெல்லாம் குப்பை குவிந்தது. அரசாங்கம் இறங்கி வந்தது, தொடர் நீண்டது.

இதை எப்படிப் பார்ப்பது? நம் தோழர்களில் ஒரு பகுதியினர் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். வேலைநிறுத்தம் என்கிற பெரிய ஆயுதத்தை எடுத்து, கூலிக்கு இல்லாமல், சாக்கடையில் இறங்கிச் சாவதற்கு எதிராக இல்லாமல், ராமாயணத்தை நீட்டச் சொல்லியா கேட்பது? சம்பூகனை வெட்டியது அதே உத்தர காண்டத்தில்தானே? நியாயமான கேள்வி. எனக்கும் அந்தக் கோபம் உண்டு. ஆனாலும் அந்த வேலைநிறுத்தத்தை நான் மரியாதையோடுதான் நினைக்கிறேன். கதை எங்கே முடிய வேண்டும் என்று தில்லியில் எடுத்த முடிவை, குப்பை அள்ளுகிற கை ஒன்று மாற்றியிருக்கிறது. 'இது எங்க ஆளு எழுதினது, எங்க ஆளு இல்லாம முடிக்காதே' என்று பார்வையாளன் எழுந்து நின்றான். எட்டு வருசம் சக்திமானைப் பார்த்து எரிச்சல்பட்ட நாங்கள் யாரும் ஒரு தபால் அட்டைகூடப் போடவில்லை. சேனலை மாற்றினோம், அவ்வளவுதான். அதற்குள் கேபிள் வந்திருந்தது.

ஆயாவின் மதுரை வீரனை விட்டுவிட்டேன். நம்மிடம் வீரர்களுக்கு என்ன குறைச்சல்? மதுரை வீரன், காத்தவராயன் என்று சாமியாகி நிற்கிறவர்கள் எல்லாம் கொல்லப்பட்டவர்கள்தான். வீரனை மாறுகால் மாறுகை வாங்கினார்கள். காத்தவராயன் ஆரியமாலையை விரும்பியதற்குக் கழுவில் ஏற்றப்பட்டான். இவர்களுக்குச் சக்தி கொடுக்க ரிசி வரவில்லை. கொன்ற பயம் ஊரை விடாததால் பொங்கல் வைத்தார்கள். அப்புறம் அந்தக் கதைக்குள்ளும் பண்டிட் நுழைந்தான். வீரன் உண்மையில் காசி ராசா மகன், கொடி சுற்றிப் பிறந்ததால் காட்டில் விட்டார்கள், சக்கிலியர் வீட்டில் வளர்ந்தான் என்று பிறப்பை மாற்றி எழுதினார்கள். நம் தெருவில் பிறந்தவனுக்கு அவ்வளவு வீரம் இருக்க முடியாது பாருங்கள், ரத்தம் வேறாகத்தான் இருக்கணும்! சக்திமானின் போன பிறவிக் கதைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். இதைத் தனியாக ஆய்வு செய்ய யாராவது முன்வந்தால் நம் பத்திரிகையில் நிச்சயம் போடலாம்.

கடைசியாக, இது பழங்கதை என்று நினைக்காதீர்கள். 2020 ஏப்ரலில், ஊரடங்கின்போது, தூர்தர்ஷன் ராமாயணத்தோடும் மகாபாரதத்தோடும் சக்திமானையும் தூசு தட்டி மறுபடி ஒளிபரப்பியது. அந்த மாதம் வங்கிக்கு விடுமுறை கிடையாது. சன் தன் கணக்கு வைத்திருக்கிற பெண்களுக்கு மாசம் 500 ரூபாய் என்று மூன்று மாதம் போட்டார்கள். நான் கவுண்டரில் இருந்தேன். வெயிலில் வட்டம் போட்டு வட்டத்துக்குள் ஒருத்தராக நின்றார்கள். 500 ரூபாய்க்கு நாலு மணி நேரம். வந்துவிட்டதா என்று பாஸ்புக்கை நீட்டுவார்கள். சிலருக்குக் கணக்கு முடங்கியிருக்கும், சிலருக்குக் கைரேகை விழாது. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை அழிந்த விரல் அது, மெசினுக்கு அது மனுச விரலாகத் தெரியவில்லை. ஒரு நாள் மதியம் வீட்டுக்குப் போனபோது என் மகள் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். செம்பழுப்பு உடைக்காரன் சுழன்றுகொண்டிருந்தான். அவளுக்கும் இந்தி தெரியாது. "இந்த மாமா எதுக்குப்பா சுத்துறாரு?" என்று கேட்டாள். அண்ணன் மாதிரி ஏதாவது வசனம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், வரவில்லை.

2022இல் சக்திமானைப் பெரிய திரைப்படமாக எடுக்கப் போவதாக அறிவித்தார்கள். 2024 நவம்பரில் முகேஷ் கன்னாவே 66 வயதில் பழைய உடையைப் போட்டுக்கொண்டு, விடுதலைப் போராட்ட வீரர்களைப் பற்றிப் பாடிக்கொண்டு வந்தார். இளைஞர்கள் கேலி செய்தார்கள். வயதைக் கேலி செய்தது எனக்குப் பிடிக்கவில்லை. கேட்க வேறு கேள்விகள் இருந்தன. படம் எப்போது வருமோ, வரட்டும். வந்தால் இந்தத் தடவை தமிழிலும் பேசுவான், நாம் வசனம் மாற்ற இடம் இருக்காது. ரமாபாய் நகரும் பாதேயும் தெரியாத ஒருத்தன்தான் மறுபடி எழுதுவான் என்றால், அதற்கு முன்னால் நாம் எழுத வேண்டியது என்ன என்று மதியம் நாடகக் குழுத் தோழர்கள் உட்காரும்போது பேசலாம். அந்தப் பெயின்டர் அண்ணனையும் வரச் சொல்லியிருக்கிறேன், ஞாயிறு என்பதால் வருவார்.

நேரம் ஆகிவிட்டது, அமைப்பாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கேள்வி இருந்தால் கேளுங்கள்.